ஈஸ்டர் எழுச்சிக்குத் திதியா, தேதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாளிதழ்களில் ‘வரலாற்றில் இன்று’ என்று வரும் சிறு பெட்டியைப் பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதை அப்படியே குறித்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு தேதி தவறினால் அந்தத் தவறு பல வருடங்களுக்கு ஊர் சுற்றும். அயர்லாந்து தொடர்பான நாட்கள் இந்தப் பெட்டிகளில் அடிக்கடி பிழையாக வருகின்றன. எழுதுபவரின் கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அந்த நாட்டின் நினைவு நாட்களை எண்ணும் முறையே ஒன்றுக்கொன்று மாறுபட்டது. அது தெரியாமல் தேதியை மட்டும் எடுத்துப் போட்டால் பிழை நேரத்தான் செய்யும். எங்கே பிழைக்கிறது, எப்படிச் சரிபார்ப்பது என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் இறந்தவருக்குத் திதி பார்த்துக் கொடுப்பதும் உண்டு, தேதி பார்த்துப் படத்துக்கு மாலை போடுவதும் உண்டு. இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். இந்த வேறுபாடு மனதில் இருந்தால் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த ஆயுதக் கிளர்ச்சியான 1916 ஈஸ்டர் எழுச்சியைப் புரிந்துகொள்வது எளிது. எழுச்சி தொடங்கியது 1916 ஏப்ரல் 24, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. ஆனால் அயர்லாந்து அரசு அதை ஏப்ரல் 24 அன்று கொண்டாடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் ஞாயிறன்று நண்பகலில் டப்ளின் பொது அஞ்சலகத்தின் முன்னால் ராணுவ அதிகாரி ஒருவர் எழுச்சியாளர்களின் குடியரசுப் பிரகடனத்தை வாசிக்கிறார். அதாவது, இது திதிக் கணக்கு. வசந்த காலத்தில் சம இரவு பகல் நாளாகத் திருச்சபை வைத்திருக்கும் மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். 1916-இல் அது ஏப்ரல் 23, ஏறத்தாழ கடைசி எல்லை. அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் விழா ஏப்ரல் 24-க்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஈஸ்டர் திங்களும் ஏப்ரல் 24-ம் மறுபடி ஒன்றாக வந்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

நூற்றாண்டு விழா இதற்கு நல்ல சான்று. அரசின் முதன்மை விழா 2016 மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறன்று நடந்து முடிந்தது. நாட்காட்டியின்படி நூறு ஆண்டுகள் நிறைவடைய அப்போது நான்கு வாரம் மிச்சம் இருந்தது. ஐம்பதாம் ஆண்டு விழாவும் இப்படித்தான். 1966-இல் ஈஸ்டர் ஏப்ரல் 10. மறுநாள் ஏப்ரல் 11 அன்று, எழுச்சியில் பங்கேற்று உயிர் தப்பிய தளபதிகளில் ஒருவரும் அப்போதைய குடியரசுத் தலைவருமான ஏமன் டி வலேரா டப்ளினில் நினைவுப் பூங்காவைத் திறந்துவைத்தார். ஆகவே பெட்டியில் ‘ஏப்ரல் 24: ஈஸ்டர் எழுச்சி தொடங்கிய நாள்’ என்று போட்டால் சரி. ‘அயர்லாந்தில் இன்று எழுச்சி நாள் கொண்டாடப்படுகிறது’ என்று போட்டால் தவறு.

எழுச்சி திங்களன்று தொடங்கியிருக்க, விழா ஏன் ஞாயிறன்று என்று கேட்கலாம். திட்டமிட்டிருந்ததே ஞாயிறுக்குத்தான். ஐரிஷ் தொண்டர் படை என்ற ஆயுதம் ஏந்திய அமைப்பின் பயிற்சி அணிவகுப்பு என்ற பெயரில் ஆட்களைத் திரட்டி, அதையே எழுச்சியாக மாற்றுவது ஏற்பாடு. ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 20,000 துப்பாக்கிகளோடு வந்த ‘ஆட்’ என்ற கப்பல் பெரிய வெள்ளியன்று பிரிட்டிஷ் கடற்படையிடம் மாட்டியது. ஜெர்மனியின் உதவியைத் தேடிப் போய்த் திரும்பி, கெரி மாவட்டக் கரையில் இறங்கிய ரோஜர் கேஸ்மென்ட்டும் அன்றே பிடிபட்டார். செய்தி எட்டியதும் தொண்டர் படைத் தலைவர் ஓயின் மெக்நீல் அணிவகுப்பை ரத்து செய்து ஞாயிறு நாளிதழிலேயே அறிவிப்பு வெளியிட்டார். ஆட்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் டப்ளினில் தொழிற்சங்கக் கட்டடமான லிபர்ட்டி ஹாலில் கூடி மறுநாள் நண்பகல் என்று முடிவெடுத்தார்கள். ஒரு நாள் தள்ளிப்போனதில் படை பெரிதும் சுருங்கிவிட்டது. டப்ளினுக்கு வெளியே எழுச்சி பரவலாக வெடிக்காமல் போனதற்கு இந்த ரத்து அறிவிப்பு முக்கியக் காரணம்.

அந்த ஞாயிறன்று அச்சான பிரகடனத் தாளைப் பற்றி, அச்சுத் தொழிலோடு உறவுள்ள உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. லிபர்ட்டி ஹாலில் இருந்தது ஒரு பழைய வார்ஃப்டேல் இயந்திரம். கைவசம் இருந்த ஈய எழுத்துகள் முழுத் தாளையும் ஒரேயடியாகக் கோக்கப் போதவில்லை. அதனால் மேல் பாதியைக் கோத்து அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்து, அதே எழுத்துகளால் கீழ்ப் பாதியைக் கோத்து, அடித்த தாள்களையே மறுபடி இயந்திரத்தில் கொடுத்தார்கள். பல பிரதிகளில் இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவில் இல்லாததற்கும், மை ஒரு பாதியில் கனத்தும் மறு பாதியில் மெலிந்தும் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆங்கிலச் சிறிய ‘ஈ’ (e) எழுத்து தீர்ந்துபோனதால் வேறு வார்ப்பிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். தலைப்பில் ஒரு பெரிய ‘ஈ’ கிடைக்காமல், ‘எஃப்’ எழுத்தின் அடியில் அரக்கை வைத்துக் கோடு சேர்த்து அதை ‘ஈ’ ஆக்கினார்கள். அடித்தது சுமார் 1,000 பிரதிகள். இன்று ஒரு தாள் அசலா நகலா என்று பார்க்கும் வல்லுநர்கள் இந்தக் கோளாறுகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். குறையில்லாமல் சீராக இருந்தால் அது பிற்கால மறுபதிப்பு. நம் பேச்சுக்கு முக்கியமான ஒன்று: அந்தத் தாளில் ஏழு பேரின் பெயர் இருக்கிறது, தேதி இல்லை. பிரகடனத்தில் ஏப்ரல் 24 என்று எழுதியிருப்பதாகச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

எண்ணிக்கையிலும் குழப்பம் உண்டு. எழுச்சிக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 14 என்றும் 15 என்றும் 16 என்றும் பார்க்கலாம். மூன்றும் சரிதான், எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. டப்ளின் கில்மெய்னம் சிறையில் மே 3 முதல் 12 வரை சுடப்பட்டவர்கள் 14 பேர். கார்க் நகரில் மே 9 அன்று சுடப்பட்ட தாமஸ் கென்ட்டைச் சேர்த்தால் 15. லண்டன் பென்டன்வில் சிறையில் ஆகஸ்ட் 3 அன்று தூக்கிலிடப்பட்ட கேஸ்மென்ட்டையும் சேர்த்தால் 16. கூடவே இன்னொரு சின்ன விஷயம்: அஞ்சலகம் இருந்த தெருவின் பெயர் 1916-இல் சாக்வில் தெரு. ஓ’கானல் தெரு என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1924-இல். நேரத்தையும் பார்த்துப் போட வேண்டும். 1916 அக்டோபர் 1 வரை டப்ளின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 25 நிமிடம் 21 வினாடி பின்தங்கி ஓடியது. அந்த வாரத்து லண்டன் தந்திகளும் டப்ளின் குறிப்புகளும் அரைமணி வேறுபட்டால் அதைப் பிழை என்று திருத்திவிடக் கூடாது.

திதிக் கணக்கில் வரும் எழுச்சி விழாவுக்கு நேரெதிர், வட அயர்லாந்தின் நீண்ட மோதலுக்கு முடிவு காண எழுதிய 1998 ஏப்ரல் 10 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம். அன்று பெரிய வெள்ளி. ஆகவே பெரிய வெள்ளி ஒப்பந்தம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெயரில் பண்டிகை இருந்தாலும் இதை நினைவுகூர்வது தேதிக் கணக்கில். 2023-இல் வெள்ளிவிழா வந்தபோது பெரிய வெள்ளி ஏப்ரல் 7. ஒப்பந்தத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவு ஏப்ரல் 10, அதாவது ஈஸ்டர் திங்கள். பெயரைப் பார்த்து ஏப்ரல் 7-இல் போட்டவர்கள் மூன்று நாள் முந்திவிட்டார்கள். அன்று கையெழுத்தான உடனேயே எல்லாம் நடைமுறைக்கு வந்துவிடவும் இல்லை. 1998 மே 22 அன்று எல்லையின் இரு பக்கமும் வாக்கெடுப்பு நடந்தது. பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தில் 71.1 விழுக்காடும், குடியரசில் 94.4 விழுக்காடும் ஆதரவு. ஒப்பந்தம் முழுமையாக நடப்புக்கு வந்தது 1999 டிசம்பர் 2-இல்.

அடுத்தது ‘அயர்லாந்து விடுதலை நாள்’. நமக்கு ஆகஸ்ட் 15 இருப்பதால் எல்லா நாட்டுக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அயர்லாந்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. 1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ வென்ற விடுதலை கோரிய ஷின் ஃபெய்ன் கட்சி உறுப்பினர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்து, 1919 ஜனவரி 21 அன்று டப்ளின் மான்ஷன் ஹவுஸில் தங்கள் சொந்த நாடாளுமன்றமான டாயிலைக் கூட்டி விடுதலையை அறிவித்தார்கள். பிரிட்டனோடு மூண்ட விடுதலைப் போரில் போர் நிறுத்தம் 1921 ஜூலை 11 நண்பகல். பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1921 டிசம்பர் 6 பின்னிரவு இரண்டு மணியைத் தாண்டி. முதல் நாள் மாலை தொடங்கிய அமர்வு என்பதால் சில குறிப்புகளில் டிசம்பர் 5 என்று இருக்கும், அது தவறு. டாயில் அதை 64-க்கு 57 என்ற வாக்கில் 1922 ஜனவரி 7 அன்று ஏற்றது. ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்தது ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஓராண்டு கழித்து, 1922 டிசம்பர் 6-இல்.

இங்கே பெரும்பாலோர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. வட அயர்லாந்து 1921 மே 3-இலேயே தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சுதந்திர அரசு பிறந்த டிசம்பர் 6 அன்று சட்டப்படி அது 32 மாவட்டங்களுக்கும் உரியதாகவே பிறந்தது. மறுநாள், டிசம்பர் 7 அன்று, வட அயர்லாந்து நாடாளுமன்றம் மன்னருக்கு விண்ணப்பம் அனுப்பி வெளியேறிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் 26 மாவட்டம். ‘சுதந்திர அரசும் பிரிவினையும் ஒரே நாளில்’ என்று எழுதுவது இரண்டு தேதிகளையும் கெடுக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. இன்றைய அரசமைப்புச் சட்டத்தை மக்கள் ஏற்றது 1937 ஜூலை 1, அது நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு டிசம்பர் 29. நம் அரசமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரி இந்தச் சட்டம்தான் என்பதால் தேர்வுகளில் இது அடிக்கடி வரும். ஜூலையா டிசம்பரா என்று மாணவர் குழம்பாமல் இருக்க இரண்டையும் சேர்த்தே போடுவது நல்லது. கடைசியாக, அயர்லாந்து குடியரசாகிக் காமன்வெல்த்தை விட்டு விலகியது 1949 ஏப்ரல் 18. ஏன் அந்த நாள்? சட்டம் 1948 டிசம்பரிலேயே நிறைவேறிவிட்டது. ஈஸ்டர் திங்களுக்காகக் காத்திருந்தார்கள். திதிக் கணக்கில் எழுச்சியின் 33-ஆம் ஆண்டு நிறைவு அது. எனவே பெட்டியில் ‘விடுதலை’ என்ற சொல்லைத் தவிர்த்து, அந்தந்த நாளில் நடந்தது எதுவோ அதையே எழுதுவது நல்லது: முதல் டாயில் கூடிய நாள், ஒப்பந்தம் கையெழுத்தான நாள், சுதந்திர அரசு பிறந்த நாள், குடியரசான நாள்.

நாட்காட்டி மாற்றம் இதைவிடச் சிக்கல். வட அயர்லாந்தில் ஜூலை 12 பொது விடுமுறை. 1690-இல் மூன்றாம் வில்லியம் இரண்டாம் ஜேம்ஸை வென்ற பாய்ன் போரின் நினைவாக புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தார் அணிவகுக்கும் நாள். ஆனால் போர் நடந்தபோது அந்நாட்டில் தேதி ஜூலை 1. அப்போது பிரிட்டனும் அயர்லாந்தும் ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் அது கிரிகோரியன் நாட்காட்டிக்கு 10 நாள் பின்தங்கியது. கூட்டிப் பார்த்தால் வரவேண்டியது ஜூலை 11. பிறகு 12 எப்படி வந்தது? 1752-இல் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. அப்போது இடைவெளி 11 நாள். அந்தப் 11-ஐ 1690-க்கும் கூட்டியதில் 12 வந்தது. இன்னொரு காரணமும் கலந்திருக்கிறது. பாய்னைவிட ரத்தம் அதிகம் சிந்திய ஆக்ரிம் போர் 1691-இல் பழைய கணக்கில் ஜூலை 12 அன்றே நடந்தது. முதலில் அந்த நாளில் கொண்டாடப்பட்டது ஆக்ரிம் வெற்றிதான். பிற்காலத்தில் அந்தத் தேதி பாய்ன் போருக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘1690 ஜூலை 12: பாய்ன் போர்’ என்று அச்சிட்டால், பழைய கணக்கிலும் அது பொருந்தாது, புதிய கணக்கிலும் பொருந்தாது. ‘பாய்ன் போர், ஜூலை 1 (பழைய நாட்காட்டி), ஜூலை 12 அன்று நினைவுகூரப்படுகிறது’ என்பதே சரி. ஜூலை 12 ஞாயிறாக வரும் ஆண்டுகளில் அணிவகுப்பு மறுநாள் திங்களுக்குத் தள்ளிப்போகும். 2015-இல் அப்படித்தான் நடந்தது.

அயர்லாந்துத் தேதி 1752 செப்டம்பர் 14-க்கு முந்தையது என்றால் மூன்று சோதனை போதும். முதலில், நூலில் இருப்பது பழைய கணக்கா புதிய கணக்கா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் எழுதியது பெரும்பாலும் பழையது. ஸ்பெயின், பிரான்சு, ரோமாபுரி ஆவணங்கள் 1582-க்குப் பிறகு புதியவை. அடுத்து, மாற்ற வேண்டியிருந்தால் 1582 அக்டோபரிலிருந்து 1700 பிப்ரவரி வரை 10 நாளும், அதிலிருந்து 1752 வரை 11 நாளும் கூட்ட வேண்டும். மூன்றாவது, தேதி ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் இடையில் விழுந்தால் ஆண்டையும் சோதிக்க வேண்டும். அன்றைய சட்டக் கணக்கில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல்தான். இரண்டாம் ஜேம்ஸ் கின்சேல் துறைமுகத்தில் வந்திறங்கியது நம் கணக்கில் 1689 மார்ச், அன்றைய ஆவணத்தில் 1688. இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டு முறை வந்ததாக எழுதியவர்களும் உண்டு.

இதே கின்சேலில் அதற்கு முன்பு நடந்த போர் இன்னும் நல்ல பாடம். ஆங்கிலப் படையின் குறிப்பில் அது 1601 டிசம்பர் 24. ஊருக்குள் முற்றுகையில் இருந்த ஸ்பானியர் குறிப்பில் 1602 ஜனவரி 3. போர் ஒன்றுதான், மாதமும் ஆண்டும் வேறு. இந்தப் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றபின் அயர்லாந்துப் பிரபு ஹ்யூ ஓ’நீலும் மற்றப் பிரபுக்களும் 1607-இல் ரத்முல்லனில் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனார்கள். அதுவும் செப்டம்பர் 4 என்றும் 14 என்றும் இரண்டு விதமாக இருக்கும்.

‘இரத்த ஞாயிறு’ என்ற பெயருக்கு வருகிறேன். அயர்லாந்தில் இந்தப் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட நாளுக்கு உண்டு. 1920 நவம்பர் 21 டப்ளினில் நடந்தது ஒன்று. அன்று காலை விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் பிரிட்டிஷ் உளவாளிகளைச் சுட்டார்கள். பிற்பகலில் டப்ளின், டிப்பரெரி அணிகள் ஆடிக்கொண்டிருந்த குரோக் பார்க் மைதானத்தில் காவல் படை சுட்டதில் 14 பொதுமக்கள் இறந்தார்கள். ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். மைதானத்தின் ஹோகன் மாடம் அவர் பெயரில் இருக்கிறது. மற்றொன்று 1972 ஜனவரி 30, டெரி நகரில் குடிமை உரிமைப் பேரணி மீது பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டது. அன்று இறந்தோர் 13 பேர், காயமடைந்த இன்னொருவர் சில மாதம் கழித்து இறந்தார். அதனால்தான் 13, 14 இரண்டும் நூல்களில் வருகின்றன. இதைப் பற்றி பிரிட்டிஷ் அரசு அமைத்த சாவில் விசாரணையின் அறிக்கை 2010 ஜூன் 15 அன்று வெளியாகி, இறந்தவர்கள் யாரும் சுடப்படத்தக்க எதையும் செய்யவில்லை என்று உறுதிசெய்தது. பிரிட்டிஷ் பிரதமர் அன்றே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஊரும் ஆண்டும் போடாமல் ‘இரத்த ஞாயிறு’ என்று மட்டும் போடுவது, இறந்தவர்களின் குடும்பங்கள் 38 ஆண்டு போராடிப் பெற்றதை மங்கச் செய்கிறது. படத்திலும் கவனம் வேண்டும். டெரியின் படத்தை 1920-க்குப் போடுவதைப் பார்த்திருக்கிறோம்.

கிழமையைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று. 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதியின் நூற்றாண்டு இந்த நூற்றாண்டில் வரும்போது கிழமை ஒன்று பின்னால் போகும். 1916 ஏப்ரல் 24 திங்கள், 2016-இல் ஞாயிறு. 1920 நவம்பர் 21 ஞாயிறு, 2020-இல் சனி. நூறு ஆண்டுக்கு 36,525 நாள், அதை ஏழால் வகுத்தால் மீதி ஆறு. ‘ஞாயிறு’ என்று பெயருள்ள சம்பவத்துக்கு நீங்கள் எடுத்த தேதியின் நூற்றாண்டு சனியாக வராவிட்டால் தேதியோ ஆண்டோ பிழை.

பெரும் பஞ்சத்துக்கு நாள் குறிக்க இயலாது. உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் 1845 இலையுதிர் காலத்தில் கண்டது. 1847-ஐ மக்கள் கறுப்பு ஆண்டு என்கிறார்கள். சுமார் பத்து லட்சம் பேர் மாண்டு, அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகச் சுருங்கியது. அரசு இப்போது மே மாத மூன்றாம் ஞாயிறைப் பஞ்ச நினைவு நாளாக வைத்திருக்கிறது. பெட்டியில் அந்த ஞாயிறில் போடலாம்.

கணக்கெடுப்பு என்றதும் 1922 ஜூன் 30-ஐச் சொல்ல வேண்டும். 1921 ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் ஜூன் 28 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்தின் மீது பீரங்கி வைத்துத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து அங்கிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் வீட்டு வாரியான தாள்கள் ஏறக்குறைய முழுவதும் அதில் போயின. பலர் 19-ஆம் நூற்றாண்டின் எல்லாக் கணக்கெடுப்பும் அங்கே எரிந்ததாக எழுதுகிறார்கள், அது சரியல்ல. 1861, 1871 தாள்களை அரசே முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கப்பட்டன. முழுதாக எஞ்சியவற்றில் மிகப் பழையது 1901. அதுவும் 1911-ம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எரிந்ததன் நூற்றாண்டை ஒட்டி 2022 ஜூனில், உலகெங்கும் உள்ள காப்பகங்களில் தப்பியிருந்த நகல்களைத் திரட்டி ஓர் இணையக் காப்பகம் திறந்தார்கள். ‘வரலாற்றில் இன்று’ எழுதும் உங்கள் உதவி ஆசிரியர்கள் ஜூன் 30 அன்று அந்தக் காப்பகத்தைப் பற்றி நான்கு வரி போட்டால், நம் பிள்ளைகள் அயர்லாந்தின் பழைய ஆவணங்களைத் தாங்களே திறந்து தேதியைப் பார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி